டை லேசர் கரைசல் கொட்டிவிட்டது, கழிவை எங்கே ஊற்றுவது?

ஆரஞ்சு விரல்:
எங்கள் லேபில் பழைய டை லேசர் (சாயக் கரைசலில் இயங்கும் லேசர்) ஒன்று ஓடுகிறது. சாயம் ரோடமைன் 6ஜி, மெத்தனாலில் கரைத்தது. நேற்று பம்ப் பக்கம் குழாய் கழன்று அரை லிட்டர் போல மேசையில் கொட்டிவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவுகிறது. கையுறை போட்டிருந்தும் விரல் நுனியெல்லாம் ஆரஞ்சு. இது போதாதென்று சீனியர்கள் விட்டுப்போன பாட்டில்கள் வேறு அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் "புதுசு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ப்ளீச் ஊற்றி, நிறம் போனதும் சிங்கில் விட்டுவிடலாம் என்கிறான் நண்பன். செய்யலாமா?

பழைய டெக்னீஷியன்:
வேண்டவே வேண்டாம் தம்பி. நிறம் போனால் மெத்தனால் போய்விடுமா? ப்ளீச்சும் மெத்தனாலும் சேர்ந்தால் சூடேறும், நச்சு வாயு வரும், வெடிக்கவும் கூடும். மெத்தனால் ஆவி 11, 12 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். பம்ப் சுவிட்சின் பொறி போதும். எரிந்தாலும் வெளிச்சத்தில் சுவாலை சரியாகத் தெரியாது, அதுதான் பயம்.

துடைத்த டிஷ்யூவைக் குப்பைக்கூடையில் போடாமல் மூடியுள்ள டப்பாவில் போடு, அதுவும் கழிவுதான். காற்றோட்டம் விட்டபின் விளக்கை அணைத்து யூவி டார்ச் அடித்துப் பார், மிச்சம் இருக்கும் இடம் ஒளிரும்.

ஆரஞ்சு விரல்:
நன்றி அண்ணா. நைட்ரைல் கையுறைதான் போட்டிருந்தேன், அப்புறம் எப்படி?

கரைப்பான் அக்கா:
மெல்லிய நைட்ரைல் மெத்தனாலைச் சில நிமிடம்தான் தாங்கும். நனைந்ததும் கழற்றி வேறு போட வேண்டும். அலமாரியில் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) கரைசல் ஏதும் இருந்தால் இன்னும் கவனம். அது தோல் வழியே புகும்போது கரைந்திருக்கும் சாயத்தையும் உள்ளே இழுத்துப்போகும்.

கழிவுக்கு: மெத்தனால், எத்தனால் ஒரு கேனில், குளோரின் உள்ள கரைப்பான் தனிக் கேனில். உள்ளே என்ன, எந்தத் தேதியில் ஊற்றியது என்று வெளியே எழுதி ஒட்டுங்கள். இந்தியாவின் 2016 அபாயகரக் கழிவு விதிகள்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாதுகாப்பு அதிகாரி வழியாக, அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். "புதுசு" பாட்டிலை எதிலும் கலக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். "தெரியாதது" என்றே எழுதித் தனியாகக் கொடுங்கள்.

ரோடமைன் 6ஜிக்கு எத்தனாலே போதும், மாற்றிவிடுங்களேன்.

ஆரஞ்சு விரல்:
குழாய்க்குப் புது கிளாம்ப், பம்புக்கு அடியில் தட்டு, இரண்டும் ஆயிற்று. டார்ச் அடித்ததில் கதவுக் கைப்பிடிகூட ஒளிர்ந்தது. அதையும் துடைத்துவிட்டேன்.