பால் மறக்கடித்த நாள் எது?

கேள்வி:
ஆய்வுக்காக வீடு வீடாகப் போகிறேன். "எப்போ பால் மறக்கடிச்சீங்க?" என்றால் "ஒரு வயசுல" என்கிறார்கள். வேப்பெண்ணெய் தடவி நிறுத்திய ஓர் அக்காவின் மகன் ராத்திரியில் மட்டும் இன்னும் குடிக்கிறான். இதை எப்படி எழுதுவது?

பதில்:
'தொடர்கிறது' என்றே எழுதுங்கள். பகலில் நிறுத்திய மாதத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்:
ஞாபகத்தை நம்பினால் 6, 12, 18, 24 மாதம் என்றே பதில்கள் குவியும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவீடு நேற்றைய நாளை மட்டும்தான் கேட்கிறது. 2021 வரையறையில் 12–23 மாதக் குழந்தைகளில் எத்தனை பேர் நேற்று குடித்தார்கள் என்று. பிழிந்து கொடுத்த பாலும் சேரும். வேலைக்குப் போகும் அம்மாக்கள் கேட்காமல் அதைச் சொல்ல மாட்டார்கள்.

பதில்:
சரி, அப்புறம் இன்னும் குடிக்கிற பிள்ளைகளைக் கணக்கிலிருந்து தூக்கிவிடாதீர்கள். பால் நிறுத்திய வயதின் சராசரி குறைந்துவிடும். கப்லான்–மேயர் என்ற புள்ளியியல் முறையில், இதுவரை குடித்த மாதக் கணக்கோடு அவர்களும் அடங்குவார்கள்.