பெட் சிடி: ஏப்ரன் போட்டும் டிஎல்டி அளவு குறையல

மத்தூர் டெக்:
கிருஷ்ணகிரியில பெட் சிடி (கதிரியக்க மருந்தை ஊசியா போட்டு எடுக்கற ஸ்கேன்) வேலை. அந்த மருந்து, எஃப்டிஜி, பெங்களூர்ல இருந்து வண்டியில வருது. தினம் 5 பேஷன்ட், ஆளுக்கு 10 மில்லிகியூரி மருந்து. இந்தக் காலாண்டு என் டிஎல்டி (நாம வாங்கற கதிரை அளக்கற பேட்ஜ்) காட்டினது 1.2 மில்லிசீவர்ட். 0.5 எம்எம் லெட் ஏப்ரன் இல்லாம உள்ள போறதே இல்ல. அப்புறம் எப்படி ஏறுது? கூட இருக்கற ஸ்டாஃப் நர்ஸ் இப்ப மாசமா வேற இருக்காங்க.

காவேரிப்பட்டினம்:
மத்த நியூக்ளியர் ஸ்கேன்ல போடற டெக்னீஷியத்தோட 140 கேஇவி (கதிரோட சக்தி) அளவுக்குத்தான் அந்த ஏப்ரன் உதவும். எஃப்டிஜியில இருக்கற எஃப்-18 கதிர் 511 கேஇவி. அதைப் பாதியாக்கவே 4-5 எம்எம் ஈயம் வேணும். உங்க ஏப்ரன் பத்துல ஒரு பங்குகூட நிறுத்தாது, முதுகுவலிதான் மிச்சம்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, பேஷன்ட்ல இருந்து 1 மீட்டர்ல மணிக்கு சுமார் 20 மைக்ரோசீவர்ட் இருக்கும். ஆளுக்கு 10 நிமிஷம்னா 3.3 மைக்ரோசீவர்ட். அஞ்சு பேர், 75 வேலை நாள்: உங்க 1.2 மில்லிசீவர்ட் வந்துடுச்சா? வீல்சேர் தள்ளறது, மேசையில படுக்க வைக்கறது, கையைத் தலைக்கு மேல தூக்கி வைக்கறது, இதுலதான் போகுது. சர்க்கரை, ஹிஸ்டரி, கையெழுத்து, எப்படிப் படுக்கணும்ங்கற விளக்கம் எல்லாத்தையும் ஊசிக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. அதுக்கப்புறம் பேச்செல்லாம் இன்டர்காம்ல. 2 மீட்டர் தள்ளி நின்னா கால் பங்குதான்.

பாலக்கோடு ஆர்எஸ்ஓ (கதிர் பாதுகாப்பு அதிகாரி):
வருஷத்துக்கு 5 மில்லிசீவர்ட் வாக்குல வரும். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) வரம்பு 5 வருஷ சராசரி 20, எந்த ஒரு வருஷமும் 30 தாண்டக்கூடாது. உங்களுக்குப் பயமில்ல. நர்ஸ் கதை வேற: கர்ப்பம் உறுதியானதும் கருவுக்கு மீதிக் காலம் முழுக்க 1 மில்லிசீவர்ட்தான். இன்னைக்கே உங்க ஆர்எஸ்ஓகிட்ட எழுதிக் கொடுத்து, ஊசி போட்ட பேஷன்ட் பக்கமே போகாத வேலைக்கு மாத்தச் சொல்லுங்க.

விரல் வாங்கற அளவுக்கு மணிக்கட்டு பேட்ஜை நம்பாதீங்க. அதிகம் வாங்கறது சிரிஞ்சைப் பிடிக்கற விரல் நுனி. பெங்களூர் வழியில அத்திப்பள்ளியில மருந்து வண்டி மாட்டிக்கிச்சுன்னா, அவசரத்துல சிரிஞ்சை மூடற டங்ஸ்டன் ஷீல்டை விட்டுட்டு வெறும் சிரிஞ்சைத் தூக்கிட்டு ஓடறது எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். கேனுலா போட்டு, சலைன் தடையில்லாம போகுதான்னு பாத்துட்டு டோஸை எடுங்க. அஞ்சு பேரோட டோஸையும் ஒண்ணா இழுத்தும் வைக்காதீங்க. அரை ஆயுள் (மருந்தோட கதிர் பாதியாகற நேரம்) 110 நிமிஷம். 2 மணி நேரம் கழிச்சு 10 மில்லிகியூரி வேணும்னா இப்ப 21 இழுக்கணும்.

மத்தூர் டெக்:
பேட்ஜை ஏப்ரன் மேலயே குத்தி வெச்சிருக்கேன். சாப்பிடப் போறப்ப ரெண்டும் இன்ஜெக்ஷன் ரூம் ஆணியில தொங்கும்.

காவேரிப்பட்டினம்:
அடக் கடவுளே! அப்ப அந்த 1.2ல எவ்வளவு உங்க உடம்பு வாங்கினது, எவ்வளவு ஆணி வாங்கினதுன்னு பிரிக்கவே முடியாது. ஏப்ரன் போட்டா அதுக்கு உள்ள, நெஞ்சு உயரத்துல குத்துங்க. கழட்டினா கன்ட்ரோல் பேட்ஜ் (யாரும் போடாம, ஒப்பிட்டுப் பாக்க கதிர் இல்லாத இடத்துல வைக்கறது) இருக்கற இடத்துல வைங்க. அடுத்த காலாண்டு ரிப்போர்ட் வந்ததும் இதே திரியில போடுங்க, பாக்கலாம்.