கோச்சத் தூக்கினா சேர இருந்த பெடியளும் ஏன் போறாங்கள்? அமெரிக்க கொலிஜ் புட்போல் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

உப்புவெளிக்_காத்து
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் ஆக்கள். முதல்லயே சொல்லிப்போடுறன், இது எங்கட காலால அடிக்கிற புட்போல் இல்ல, அமெரிக்காக்காரன் ஹெல்மெட்டும் போட்டு முட்டை மாதிரிப் பந்தக் கையில கொண்டு ஓடுறானே, அது. எனக்கு அதில பெரிய விளக்கம் இல்ல. அக்காட மகன் பென்சில்வேனியாவில பென் ஸ்டேட் கம்பஸில படிக்கிறான், அவனால எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப் ரெண்டு மாசமாச் செத்த வீடு மாதிரிக் கிடந்துது. 2025 ஒக்டோபர்ல தலைமைக் கோச் ஜேம்ஸ் பிராங்க்ளினத் தூக்கிட்டாங்களாம், பிறகு டிசம்பர்ல புதுப் பெடியள் சைன் பண்ணுற நாளில ரெண்டே ரெண்டு பேர்தான் சைன் பண்ணினவங்களாம். ரெண்டு! எங்கட ஒழுங்கையில பின்னேரம் நான் விசில் ஊதினா அதவிடக் கூட வருவாங்கள்.

எனக்கு விளங்காதது இதுதான். கம்பஸ் அதே கம்பஸ், ஒரு லட்சத்துக்கு மேல சனம் இருக்கிற கிரவுண்ட் அதே கிரவுண்ட், படிப்பும் அதே படிப்பு, ஒரு மனுசன் போனதுக்கு வாறன் எண்டு சொன்ன பெடியள் ஏன் ஒவ்வொருத்தனாக் கழரவேணும்? நானும் அன்புவழிபுரத்தில சின்னப் பெடியளுக்குப் பந்து பழக்கிறனான், நாளைக்கு நான் வராட்டி இன்னொரு அண்ணையிட்ட பழகுவாங்கள், அவ்வளவுதானே. மருமகன் எண்டா அந்தப் பெடியளுக்கு நன்றி இல்ல, சொன்ன சொல் இல்ல எண்டு ஒரே பேச்சு. பிழை ஆரில?


ஸ்காபரோ_திருமலையான்
ஞாயிறு, இரவு 11.15

தம்பி நான் கனடா வந்து இருபது வரியத்துக்கு மேல, சனிக்கிழமை முழுக்க மனுசி பேசப் பேச இதைத்தான் பாக்கிறது, ஆனபடியா கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன்.

பெடியன் 'கமிட்' பண்ணீட்டான் எண்டு நியூஸில வாறது வெறும் வாய்ச்சொல். எங்கட ஊர்ப் பாசையில பேச்சுக்கால் முடிஞ்சுது, எழுத்து இன்னும் நடக்கேல்ல. எழுத்து டிசம்பர் முதல் கிழமையில. முந்தி பெப்ரவரியில மட்டுந்தான் சைன் பண்ணலாம், 2017ல இருந்து டிசம்பர்லயும் விட்டாங்கள், இப்ப கிட்டத்தட்ட எல்லாப் பெடியளும் டிசம்பர்லயே முடிச்சிடுவாங்கள், பெப்ரவரிக்கு மிஞ்சிறது அடிச்சட்டிதான்.

இனித் திகதியளப் பாருங்கோ. ஒக்டோபர் 12 பிராங்க்ளின அனுப்பினது. டிசம்பர் 3 சைனிங் நாள். புதுக் கோச் மெட் கம்பெல்தான் எண்டு செய்தி வந்தது டிசம்பர் 5. கலியாண நாள் வந்திட்டுது, பந்தல் போட்டாச்சு, மேளகாரரும் வந்திட்டினம், மாப்பிள்ளைய மட்டும் 52 நாளாத் தேடிக்கொண்டு திரிஞ்சாங்கள். ரெண்டு நாள் பிந்தி மாப்பிள்ளை வந்து இறங்கேக்க பொம்பிளை வீட்டார் வேற மண்டபத்தில சாப்பிட்டுக் கை கழுவியாச்சு.

அந்த வேற மண்டபம் எது எண்டு கேளுங்கோ. நவம்பர் 17 பிராங்க்ளின வேர்ஜீனியா டெக் எண்ட இன்னொரு கம்பஸ் கோச்சா எடுத்திட்டுது! அந்தாள்தான் இவ்வளவு காலமும் ஒவ்வொரு பெடியன்ட வீட்டயும் போய்க் குசினியில இருந்து தாய் தேப்பனோட கதைச்ச ஆள். நம்பர் எல்லாம் அவரிட்ட போனில. பென் ஸ்டேட்டுக்கு வாறன் எண்டு சொன்னதில கன பேர் அவருக்குப் பின்னால அங்க போட்டாங்கள். பெடியன் பக்கத்தில இருந்து பாத்தா அவன் சொல்லு மாறேல்ல, சொல்லுக் குடுத்த ஆளிட்டயே போய் நிக்கிறான்.

இடையில டெரி ஸ்மித் எண்டு ஒருத்தர் பொறுப்பா நிண்டவர், அந்தக் கம்பஸுக்கே விளையாடின பழைய ஆள். நெப்ராஸ்காவ வெண்ட அண்டைக்கு இவரையே எடுங்கோ எண்டு பிளேயர்மார் மட்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவங்கள், எனக்கே கண் கலங்கிட்டுது. ஆனா வாற பெடியனுக்கு அவர் என்னத்தச் சொல்லுறது? 'வா தம்பி நான் பாத்துக்கொள்ளுறன்' எண்டு சொல்ல அடுத்த மாசம் தன்ட கதிரை இருக்குமோ எண்டு அவருக்கே தெரியாது.

சும்மாவும் தூக்கேல்ல எண்டும் சொல்லவேணும். 2025 தொடங்கேக்க நாட்டிலயே ரெண்டாம் இடம் எண்டு போட்டிருந்த டீம், ஓரிகனிட்டத் தோத்து, அதுவரை ஒரு மெட்சும் வெல்லாத யூசிஎல்ஏயிட்டத் தோத்து, பிறகு சொந்தக் கிரவுண்டில நோர்த்வெஸ்டேர்னிட்ட 22க்கு 21. மூண்டு கிழமையில மூண்டு. ஆனா அதுக்கு முதல் சீசன் அரையிறுதி வரை கொண்டுபோன மனுசன், நானெண்டா சீசன் முடியமட்டும் பொறுத்திருப்பன்.


கிண்ணியாக்_கரை
திங்கள், காலை 6.05

மச்சான் நீங்க கலியாண வீட்டுக் கதை சொல்றீங்க, இது சல்லிக் கதை. 2025 ஜூலையில இருந்து கொலிஜே நேரா பிளேயருக்குச் சல்லி குடுக்கலாம், முதல் வருசத்துக்கு ஒரு கொலிஜுக்கு 20.5 மில்லியன் டொலர் வரைக்கும், எல்லா விளையாட்டுக்கும் சேத்துத்தான் ஆனாப் பெரிய பங்கு இந்த ஹெல்மெட் காரங்களுக்கு. வெளியில விளம்பரத்தில உழைக்கிறது வேற, அது 2021ல இருந்தே இருக்கு. கூடக் குடுக்கிறவன்ட பக்கம் பெடியன் போவான், கோச்ச ஏன் இழுக்கிறீங்க.

அத உடுங்க, வேலையில இருந்து தூக்கின ஆளுக்கு 49 மில்லியன் டொலர் அளவில கட்டவேணுமாமே? டொலர் 300 ரூவா எண்டு வச்சாலும் 1470 கோடி. என்னையும் யாராச்சும் தூக்குங்கப்பா.


ஸ்காபரோ_திருமலையான்
திங்கள், காலை 6.50

ஹாஹா அதில ஒரு கொக்கி இருக்கு மச்சான். வேற இடத்தில வேலை எடுத்தாக் கழியும் எண்டு ஒப்பந்தம். வேர்ஜீனியா டெக்குக்குப் போனதால கடைசியில 9 மில்லியனோட முடிச்சாங்கள். அதாவது அந்தாளுக்கு வேலை கிடைச்சதில பென் ஸ்டேட்டுக்கு 40 மில்லியன் லாபம், போன பெடியள் நட்டம், கணக்குப் பாத்துக்கொள்ளுங்கோ.

சல்லியப் பத்தி நீங்க சொல்லுறதில பாதி சரி. ஆனா அந்தச் சல்லியில எந்தப் பெடியனுக்கு எவ்வளவு எண்டு முடிவெடுக்கிறது ஆர்? தலைமைக் கோச்சும் அவர்ட ஆக்களும். கோச் இல்லாட்டிக் காசுப்பெட்டி இருக்கு, திறப்பு இல்ல.


கோட்டையடி_அம்மா
திங்கள், பிற்பகல் 2.30

எனக்கு இந்த விளையாட்டு ஒண்டும் தெரியாது, ஆனா தலைப்பப் பாத்திட்டு எழுதாம இருக்க ஏலேல்ல.

என்ட மூத்தவன் எங்கட புட்போல்தான், விங்கில ஓடுவான், மெக்கெய்சர் கிரவுண்டில ஒருக்கா அவன் அடிச்ச கோலப் பாத்திட்டு வேறொரு பள்ளிக்கூடத்து சேர் வீட்ட வந்தவர். பள்ளிக்கூடப் பேர் வேண்டாம். பிளேன்டீயும் பயத்தம் பணியாரமும் குடுத்தன். நல்ல மரியாதையான மனுசன், 'அம்மா இவன ஏஎல்லுக்கு என்னட்டத் தாங்கோ, படிப்பையும் பாத்து மாகாண டீமுக்கும் கொண்டுபோறது என்ட பொறுப்பு' எண்டவர். என்ட மனுசன் வேண்டாம் எண்டவர், நான்தான் ஒற்றைக் கால்ல நிண்டு மாத்தினனான். முதல் தவணை முடியேல்ல, அந்த சேருக்கு இடமாற்றம். பிறகு வந்தவர் கிரிக்கெட் ஆள், பந்துகள் எல்லாத்தையும் ஸ்டோர் ரூமில போட்டுப் பூட்டினவர். பெடியன் பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவும் வெக்கம், அதுக்குக் கடிதம் எடுக்க நான் நடந்த நடை கோணேசருக்குத்தான் தெரியும். இப்ப நிலாவெளியில ஹோட்டல் வேலை, லீவு நாளில பந்தடிப்பான்.

அதால உங்கட மருமகனிட்டச் சொல்லுங்கோ தம்பி அந்தப் பெடியளத் திட்ட வேண்டாம் எண்டு. நாங்க அண்டைக்குப் பள்ளிக்கூடத்த நம்பிப் போகேல்ல, எங்கட வீட்டுக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்ச அந்த ஒரு ஆளத்தான் நம்பிப் போனனாங்கள்.


ஓர்ஸ்ஹில்_பழைய_ரெப்ரி
திங்கள், இரவு 8.20

கோட்டையடி அம்மா சொன்னதுதான் விசயமே, மற்றதெல்லாம் அதுக்கு மேல போட்ட மாலை. ரெண்டு மூண்டு சங்கதி மட்டும் சேக்கிறன், மகன் அமெரிக்காவில இருக்கிறதால அவனோட சேந்து பாத்துப் பழகினது.

ஒண்டு, தலைமைக் கோச் போனா அவர் மட்டும் போறேல்ல. பெடியனோட நெடுக வட்ஸ்அப்பில கதைக்கிறது பெரியவர் இல்ல, அவன்ட இடத்துக்கெண்டு இருக்கிற கோச். புதுசா வாறவர் தன்ட ஆக்களத்தான் கூட்டிக்கொண்டு வருவார். ஆட்ட முறையும் மாறும். கம்பெல் அயோவா ஸ்டேட்டில இருக்கேக்க தடுப்பாட்டத்தில முன்னுக்கு மூண்டு பேர நிப்பாட்டிப் பின்னுக்குக் கூட ஆக்கள வச்சு ஆடுற முறைக்குப் பேர் போனவர். முன்னுக்கு நாலு பேர் நிக்கிற முறைக்கெண்டு எடுத்த பெடியன அங்க எங்க கொண்டுபோய் வைக்கிறது? நெட்டையாப் போட்டுத் தலையால அடிக்கிற டீமுக்கெண்டு எடுத்த உயரமான பெடியன, சின்னச் சின்னப் பாஸில போற கோச்சிட்டக் குடுத்த மாதிரித்தான்.

ரெண்டு, அம்மா, உங்கட மகனுக்கு இல்லாத வழி அங்க இருக்கு. ஏற்கனவே சேந்து விளையாடிக்கொண்டிருக்கிற பெடியனும் தலைமைக் கோச் மாறினா விட்டிட்டுப் போகலாம், அதுக்கெண்டே தனியா நாள் குடுப்பாங்கள். முந்தி 30 நாள், இப்ப 15 நாளாக் குறைச்சு, புதுக் கோச்ச அறிவிச்சு ஐஞ்சு நாளால கதவத் திறக்கிறாங்கள், பெடியன் அந்தப் புது ஆள ஒருக்கா முகம் பாத்திட்டு முடிவெடுக்கட்டும் எண்டு. 2024 ஜனவரி 10 அலபாமாவில தலைமைக் கோச் நிக் சேபன் ஓய்வு எண்டார், ரெண்டே நாளில கேலன் டிபோவரக் கொண்டுவந்திட்டாங்கள், அதவிட வேகமா ஆராலயும் ஏலாது, அப்பிடியிருந்தும் அங்க விளையாடின கேலெப் டவுன்ஸ் போட்டான், வந்து சேந்து ஒரு மெட்சும் ஆடாத ஜூலியன் சேயினும் போட்டான், ரெண்டு பேரும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. அடுத்த சீசன் கிண்ணம் ஒஹாயோ ஸ்டேட்டுக்குத்தான். அதால கெதியா ஆள் பிடிச்சா எல்லாம் சரி எண்டும் இல்ல.

இன்னொண்டு, ஒரு கதிரை காலியானா ஒரு கதிரையோட நிக்காது. பென் ஸ்டேட் அயோவா ஸ்டேட்டில இருந்து எடுத்தது, அயோவா ஸ்டேட் வொஷிங்டன் ஸ்டேட்டில இருந்து ஜிம்மி ரொஜர்ஸ எடுத்தது, வொஷிங்டன் ஸ்டேட் மிசூரியில உதவிக் கோச்சா இருந்தவர எடுத்தது. மாங்காய்க்கு எறிஞ்ச கல்லு நாலு வீட்டு ஓட்ட உடைச்சுது. லேன் கிபின் எண்ட கோச்சின்ட கதை இன்னும் மோசம், ஒரு சீசனில 11 மெட்ச் வெண்டு நொக்கவுட்டுக்குப் போகப்போற ஒலே மிஸ் கொலிஜ அப்பிடியே விட்டிட்டு எல்எஸ்யூ எண்ட இன்னொரு கொலிஜுக்குப் போட்டார். அதுவும் சைனிங் நாளுக்கு மூண்டு நாள் இருக்கேக்க. அவர மட்டும் குத்தம் சொல்லவும் ஏலாது, அந்த நாளுக்கு முதல் வராட்டி எல்எஸ்யூவில பென் ஸ்டேட் கதைதான் நடந்திருக்கும், நாட்காட்டியே அப்பிடிப் போட்டுக் கிடக்கு.


கிண்ணியாக்_கரை
திங்கள், இரவு 9.10

சரி சரி ஒப்புக்கொள்றன், சல்லி மட்டும் இல்ல. ஆனா ரெப்ரி ஐயா, 2011ல எங்களுக்கு எதிராக் குடுத்த அந்தப் பெனால்டிய நான் இன்னும் மறக்கல்ல.


ஓர்ஸ்ஹில்_பழைய_ரெப்ரி
திங்கள், இரவு 9.14

கையில பட்டது தம்பி. நான் பாத்தனான்.


உப்புவெளிக்_காத்து
செவ்வாய், இரவு 10.00

எல்லாருக்கும் பெரிய நன்றி, இப்பதான் விளங்குது. கோட்டையடி அம்மா, நீங்க எழுதினத அப்பிடியே மருமகனுக்கு அனுப்பினன், கன நேரம் நீல டிக் மட்டும், பிறகு ஓம் மாமா எண்டு ஒரு பதில். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவெண்டா அன்புவழிபுரம் பக்கம் வரச்சொல்லுங்கோ, சின்னனுகளுக்கு விங்கில ஓடக் காட்டிக்குடுக்க எனக்கு ஆள் வேணும், எனக்கு முழங்கால் சரியில்ல.

மருமகன் இப்ப நல்ல சந்தோசமாம். கம்பெலுக்குப் பின்னால அயோவா ஸ்டேட்டில இருந்து பந்த எறியிற முக்கிய ஆள், குவார்ட்டர்பெக் எண்டு சொல்லுவினம், ரொக்கோ பெக்ட்டும் இன்னும் கொஞ்சப் பேரும் பென் ஸ்டேட்டுக்கு வந்திட்டாங்களாம், அவங்கள் மட்டும் நன்றியுள்ள நல்ல பெடியளாம். அயோவாவில இப்ப எந்த வீட்டு வட்ஸ்அப் குரூப் செத்த வீடாக் கிடக்கோ தெரியாது.