மறு: கருப்பை உள்சவ்வுப் புற்று – ‘கருவளக் காப்பு’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

கருப்பை உள்சவ்வுப் புற்று வந்த பெண்களுக்காக நாம் எழுதும் கைப்பிரதியில், குழந்தை பெறும் வாய்ப்புக்காகக் கருப்பையை எடுக்காமல் தரும் சிகிச்சைக்கு (fertility-sparing treatment) ‘கருவளக் காப்புச் சிகிச்சை’ என்றே தலைப்பு வைத்துவிடலாம் என்று நேற்று பலரும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ‘காப்பு’ என்று அச்சில் பார்த்தால் வளம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சிகிச்சை அவ்வளவு பெரிய வாக்குக் கொடுப்பதில்லை.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். கருப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுக்கு வழக்கமான சிகிச்சை அறுவைதான். கருப்பையோடு கருக்குழாய்களையும், பெரும்பாலும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். முப்பது வயதில், இன்னும் குழந்தை இல்லாதவருக்கு இந்தப் புற்று வந்தால் சில நிபந்தனைகளோடு அறுவையைத் தள்ளிப்போடலாம். திசுப் பரிசோதனையில் அது எண்டோமெட்ரியாய்டு என்ற பரவலான வகையாகவும், வீரியம் குறைந்த முதல் தரமாகவும் (கிரேடு 1) இருக்க வேண்டும். எம்ஆர்ஐயில் தசைச்சுவருக்குள் இறங்கியதாகவோ வேறு இடத்துக்குப் பரவியதாகவோ தெரியக் கூடாது. அப்புறம் புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து. மாத்திரை என்றால் மெஜெஸ்ட்ரால் நாளுக்கு 160 முதல் 320 மில்லிகிராம், அல்லது மெட்ராக்சிப்ரோஜெஸ்டிரோன் 400 முதல் 600 மில்லிகிராம். இல்லாவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் லூப்பைக் கருப்பைக்குள் வைக்கிறார்கள். சிலருக்கு இரண்டும் சேர்த்து.

இந்தப் பெண்களில் பலருக்கு உடல் பருமன் இருக்கும், பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கும், மாதக்கணக்கில் தீட்டு வராமல் இருந்திருக்கும். முட்டை வெளிப்படாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக நின்று உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகிறது. அந்தக் குறையைத்தான் மருந்து ஈடுகட்டுகிறது. எடையைக் குறைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஆனால் மாத்திரையே எடையைக் கூட்டும் என்பதால் அதைச் சொல்கிற டாக்டருக்கும் சங்கடம், கேட்கிறவருக்கும் சங்கடம்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்சவ்வைச் சுரண்டியெடுத்துப் பார்க்கிறார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் புற்று மறைகிறது. அப்படி மறைந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது திரும்ப வருகிறது. மறைந்ததும் காலம் கடத்தாமல் கருத்தரிக்கச் சொல்கிறார்கள், தேவைப்பட்டால் ஐவிஎஃப். குழந்தை பிறந்த பிறகு கருப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்பதுதான் பரிந்துரை. ஓராண்டு வரை பார்த்தும் மறையவில்லை என்றால் அறுவைக்குப் போயாக வேண்டும்.

இதில் ‘காப்பு’ எங்கே இருக்கிறது?

வரைவைப் படித்துக்காட்ட கோவையில் ஒரு புறநோயாளிப் பிரிவுக்குப் போயிருந்தேன். பல்லடம் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தவர் தலைப்புக்கே திரும்பி வந்து, “காப்புன்னா, கொழந்தை நிச்சயம்னு அர்த்தமுங்களா?” என்றார். கூட வந்த மாமியாருக்கு வேறு கவலை: “பையை எடுக்கலீன்னா நோவு உள்ளயே இருக்குமில்லீங்க?” இரண்டுமே நியாயமான கேள்வி. இரண்டுக்கும் நம் தலைப்பு தப்பான பதிலைச் சொல்கிறது.

நம் குழுவில் பொள்ளாச்சி அம்மா சொன்ன ‘கருவாய்ப்பு’ எனக்கு மிகவும் பிடித்தது. நிச்சயம் என்று சொல்லாமல் வாய்ப்பு என்று மட்டும் சொல்கிறது. ஆனால் வரி முடிவில் உடைந்தால் ‘கருவாய்’ என்று நிற்கும். ஏற்கெனவே பாதிப் பேர் இதைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது எச்பிவி கிருமியால் வருவது, சிகிச்சையும் வேறு. ஆகவே வருத்தத்தோடு கைவிடுகிறேன்.

ஈரோட்டு டாக்டர் அண்ணா ‘கருப்பை தக்கவைப்பு’ என்றார். அதிலும் சிக்கல் உண்டு. நார்க்கட்டிக்கும், கருப்பை கீழே சரியும் அடியிறக்கத்துக்கும் கருப்பையை எடுக்காமல் செய்கிற அறுவைகள் இருக்கின்றன. அங்கே குழந்தை என்ற பேச்சே வராமலும் போகலாம். ஆனால் ‘தக்கவைத்தல்’ அருமையான வினை, அதை விடக் கூடாது. வேட்பாளர் டெபாசிட்டைத் தக்கவைத்தார் என்றால் பாடுபட்டுக் கையில் வைத்துக்கொண்டார் என்றுதானே பொருள்? அடுத்த தேர்தலுக்கு அதில் எந்த உறுதியும் இல்லை.

இரண்டையும் கோத்து என் முன்மொழிவு: ‘மகப்பேற்று வாய்ப்பைத் தக்கவைக்கும் ஹார்மோன் சிகிச்சை’. நீளம்தான். அட்டவணைக்குள் மட்டும் ‘பேற்று வாய்ப்புத் தக்கவைப்பு’ என்று சுருக்கலாம். ‘ஹார்மோன்’ என்பதை எடுத்துவிட்டு ‘அறுவை’ என்று போட்டால், ஒரு சினைப்பையை மட்டும் எடுக்கிற அறுவைக்கும் கருப்பை வாயை மட்டும் எடுக்கிற அறுவைக்கும் இதே தொடர் ஒத்துவரும். கீமோவுக்கு முன் முட்டையை உறையவைப்பதைத் தனியே ‘கருமுட்டைச் சேமிப்பு’ என்றே வைத்துக்கொள்வோம், இதோடு கலக்க வேண்டாம். ‘சிகிச்சை’யா ‘பண்டுவமா’ என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

இன்னொன்று பாக்கி. புற்று மறைந்த நிலையை வரைவில் ‘முழுக் குணம்’ என்று எழுதியிருக்கிறோம். திரும்ப வரக்கூடிய ஒன்றை அப்படி எழுதினால் அடுத்த பரிசோதனைக்கு யார் வருவார்கள்? ‘புற்று தென்படா நிலை’ என்று மாற்றியிருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அச்சகத்துக்குப் போகிறது.