பாஸ்க் கரையில் சிறிய, அமைதியான மணற்கரை: அம்மாவையும் மகளையும் எங்கே அழைத்துச் செல்லலாம்?

கேள்வி – பில்பாவோவில் ஒருத்தி

அனைவருக்கும் வணக்கம். அலுவலகப் பணிக்காக நான்கு மாதங்களாக, வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள பில்பாவோ நகரில் தங்கியிருக்கிறேன். செப்டம்பர் முதல் வாரத்தில் என் அம்மாவும் ஆறு வயது மகளும் மதுரையிலிருந்து வருகிறார்கள். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலி இருப்பதால் அதிகப் படிகள் ஏற முடியாது. கடலோரமாக உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு பேத்தி மணலில் விளையாடுவதைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய விருப்பம். எங்களிடம் கார் இல்லை.

சான் செபாஸ்தியானில் உள்ள கொஞ்சா கடற்கரைக்கு ஆகஸ்டில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அழகான இடம்தான், ஆனால் துண்டு விரிக்கக்கூட இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். அதன் பிறகு, படத்தில் மிகவும் பிடித்துப்போன எயா என்ற சிற்றூரின் கடற்கரையைத் தேடி ஒரு சனிக்கிழமை போனேன். மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, படத்தில் இருந்த மணலைக் காணவே காணோம். தண்ணீர் கரைச்சுவர் வரை வந்து நின்றது. பில்பாவோ திரும்பிய இரவில் முழுநிலாவைப் பார்த்ததுதான் அன்றைய பயணத்தில் கிடைத்த ஒரே ஆறுதல். நான் தவறான இடத்துக்குப் போய்விட்டேனா, அல்லது அந்தப் படம் பழையதா? மணல் உள்ள, சிறிய, சத்தமில்லாத கடற்கரை வேறு எது? அம்மா சேலையோடு உட்கார்ந்திருந்தால் சங்கடமாக இருக்குமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – கெர்னிகா வாசி

வணக்கம். நீங்கள் போன இடம் சரி. போன நேரம்தான் தவறு. நீங்கள் தேடிய மணல் அந்த மாலையிலும் அங்கேயே, தண்ணீருக்கு அடியில் இருந்தது. பொறுத்திருந்தால் இரவு பதினொன்றரை வாக்கில் முழுவதையும் பார்த்திருப்பீர்கள்.

நம் ஊர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. சென்னையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு, அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். அதனால் காலையில் பார்த்த மெரினாவும் மாலையில் பார்க்கும் மெரினாவும் நம் கண்ணுக்கு ஒன்றுதான். பிஸ்கே விரிகுடாவில் அதே நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்குகிறது. எயா போன்ற இடத்தில், குறுகிய பள்ளத்தாக்கின் வழியே ஒரு சிற்றாறு வந்து கடலில் சேரும் வாயில்தான் மணல் படிந்திருக்கிறது. அந்த மணல் ஏறக்குறைய சமதளமாக இருப்பதால், தண்ணீர் ஓர் ஆள் உயரம் ஏறினாலே கடற்கரை முழுவதும் காணாமல் போய்விடும். நீர் சீரான வேகத்தில் ஏறுவதும் இல்லை. ஏற்றத்துக்கு ஆகும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் மெதுவாகத் தொடங்கி, மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் மொத்த உயரத்தில் பாதியை ஏறி முடித்து, கடைசியில் மீண்டும் தளர்கிறது. இப்போதுதானே இவ்வளவு தூரத்தில் இருந்தது என்று செருப்பைத் தேடுகிறவர்கள் எல்லோரும் அந்த நடு இரண்டு மணி நேரத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

நீங்கள் முழுநிலாவைக் குறிப்பிட்டதால் காரணத்தை உறுதியாகவே சொல்ல முடிகிறது. இந்தக் கரையில் கோடைக்காலக் கடிகாரப்படி, அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும், முற்பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரைக்குள் கடல் நன்றாக வற்றியிருக்கும். மாலை ஐந்து, ஆறு மணிக்கு உச்ச ஏற்றத்தில் நிற்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழாக மாறி, முற்பகலில் ஏற்றமும் மாலையில் வற்றமும் அமையும். ஆனால் அந்த நாட்களில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுவதால், மணல் முழுவதும் மூழ்குவதும் இல்லை, முழுவதும் வெளியே வருவதும் இல்லை. நாளுக்கு ஐம்பது நிமிடம் போல நேரம் தள்ளிக்கொண்டே போகும். இங்குள்ளவர்கள் அச்சிட்ட ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏற்ற வற்ற நேரப் பட்டியலைப் பார்க்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் தினசரி நாட்காட்டி இருக்குமானால், அதில் உள்ள திதியே முக்கால்வாசி விடையைச் சொல்லிவிடும்.

ஆகவே எயாவையே மீண்டும் பரிந்துரைக்கிறேன். ஆற்றின் இரு கரைகளிலும் வீடுகள், நடுவே சிறிய கல் பாலங்கள், ஆற்றோரமாகவே சமதளத்தில் நடந்தால் சில நிமிடங்களில் கடல் வாய் என்று அமைந்த ஊர் அது. முழங்கால் வலி உள்ளவருக்கு இந்தக் கரையில் இவ்வளவு இசைவான இடங்கள் குறைவு. இருபுறமும் மேடு மறைப்பதால், வெளிக்கடலில் அலை பெரிதாக இருக்கும் நாளிலும் உள்ளே வரும் அலை பெரும்பாலும் அடங்கியே வரும். பில்பாவோவிலிருந்து எவ்ஸ்கோத்ரென் ரயிலில் கெர்னிகா வரை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து கரையோரமாக லெகெய்த்தியோ செல்லும் பிஸ்காய்பஸ் எயா வழியாகப் போகிறது. ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே பாரிக் அட்டை போதும். பேருந்துகள் அடிக்கடி இல்லை; ஆகையால் முதலில் வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும் பேருந்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் முன்னும் பின்னுமாக நான்கு மணி நேரம் மணல் உங்களுடையது.

சேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அம்மாதான் திரும்பிப் பார்க்க நேரிடும்: இங்கே எந்தக் கடற்கரையிலும் சில பெண்கள் மேலாடை இல்லாமல் வெயில் காய்வது வழக்கம் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். என் மாமியாரிடம் நான் சொல்லிவைக்கவில்லை. அரை நாள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பதில் 2 – அலைச்சறுக்கி

மேலே உள்ள பதிலில் ஓதத்தைப் பற்றிச் சொல்லியிருப்பதெல்லாம் சரி. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு எயா கொஞ்சம் சிறியது என்பது என் எண்ணம். மணல்வீடு கட்டி முடிப்பதற்குள் கடல் வந்து வாசலில் நிற்கும். அதே வழியில் இருக்கும் லைதாவைப் பாருங்கள். உர்தாய்பாய் கழிமுகத்தின் வாயில், முந்தாகா ஊருக்கு எதிர்க்கரையில் அது இருக்கிறது. 1984-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி. வற்றத்தின்போது கண்ணுக்கெட்டிய வரை மணல் திட்டு விரிந்து, இடையிடையே கணுக்கால் ஆழத்தில் நீர் தேங்கி வெயிலில் இளஞ்சூடாகிவிடும். குழந்தைகளுக்கு அதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆற்று வாய்க்கால் பக்கம் மட்டும் போக விடாதீர்கள். கடல் வற்றத் தொடங்கும்போது கழிமுகத்தின் நீர் முழுவதும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

அந்த மணல் திட்டும் நிலையானதல்ல. 2003-இல் கழிமுகத்தைத் தூர்வாரியபோது திட்டின் உருவமே மாறி, உலகப் புகழ் பெற்ற முந்தாகா அலை கலைந்துபோயிற்று. 2005-இல் அங்கே நடக்கவிருந்த சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியையே ரத்து செய்தார்கள். அலை பிறகு திரும்பி வந்தது. ஆகவே, போன ஆண்டு படத்தில் மணல் இருந்த இடத்தில் இந்த ஆண்டும் மணல் இருக்கும் என்று நம்பக் கூடாது.

பக்கத்திலுள்ள லாகா, ஏறக்குறைய 280 மீட்டர் உயரமுள்ள ஒகோன்யோ பாறை முனையின் அடியில், அரை கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்த அருமையான மணற்கரை. என்னைப் போன்றவர்கள் பலகையோடு போகும் இடம் என்பதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும். அம்மா காலை நனைக்க அது வேண்டாம். கோடையில் காவலர்கள் கொடி ஏற்றியிருப்பார்கள். பச்சை என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இறங்கவே கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள் மீதமிருக்கின்றன. லெகெய்த்தியோவில் செப்டம்பர் முதல் வாரம் முழுவதும் சான் அந்தோலின் திருவிழா; ஐந்தாம் தேதி வாத்து விழாவுக்கு ஊரே கொள்ளாது. அந்த வழிப் பேருந்துகளும் நிரம்பி வழியும் என்பதால் அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். மற்ற நாட்களில், வற்றத்தின்போது கரையிலிருந்து எதிரே உள்ள தீவுக்கு நடந்தே போய்வரக்கூடிய ஊர் அது. திரும்ப மறந்தவர்கள் அடுத்த வற்றம் வரை தீவில் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது கலெர்னா. தெற்கிலிருந்து அனல் காற்று வீசி, அசாதாரணமாகப் புழுங்கும் நாளில், திடீரென்று மேற்கு வடமேற்கிலிருந்து காற்று திரும்பி, சில நிமிடங்களில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் மேலாக இறங்கிவிடும். குடைகள் பறக்கும், கடல் கொந்தளிக்கும். 1912 ஆகஸ்ட் 12-ஆம் தேதி இரவு இப்படி வந்த புயலில் 143 மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் பெர்மேயோ என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். இன்று முன்னறிவிப்பு கிடைக்கிறது என்றாலும், மேற்கே அடிவானம் கறுத்து, காற்று சட்டென்று நின்றுபோனால், துண்டை மடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பதில் 3 – பழைய மாணவன்

இரண்டு நண்பர்களும் பில்பாவோ இருக்கும் பிஸ்காயா மாகாணத்தின் எல்லையிலேயே நின்றுவிட்டார்கள். எல்லையைத் தாண்டியதும் பக்கத்து மாகாணமான கிப்புஸ்கோவாவில் வரும் முதல் கடற்கரை சத்தூராரான். ஒந்தாரோவா வரை பில்பாவோவிலிருந்து பேருந்து இருக்கிறது. அங்கிருந்து கடலோரமாக நடக்கும் தூரம்தான். கோடை விடுமுறையில் கூட்டம் உண்டு, செப்டம்பர் வார நாட்களில் வெகுவாகக் குறைந்துவிடும். மணலின் ஓரத்தில் கடலுக்குள் நிற்கும் பாறைகளுக்குச் சத்தூர், ஆரான் என்ற காதலர்களின் கதையைச் சொல்வார்கள். பாஸ்க் மொழியில் ஒந்தார் என்றால் மணல், ஒந்தார்ட்சா என்றால் கடற்கரை. ஒந்தாரோவா என்ற பெயரே மணல் வாய் என்று பொருள்படும்.

ஆனால் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மணலுக்குப் பின்னால், இன்று மரங்களும் புல்வெளியும் இருக்கும் இடத்தில், கடல் நீராடவந்தவர்களுக்காக எழுப்பி, பின்னர் மதப்பள்ளியாக மாறிய பெரிய கட்டடங்கள் இருந்தன. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1938-இல், தளபதி பிராங்கோவின் தரப்பு அவற்றைப் பெண்கள் சிறையாக்கியது. 1944 வரை அது நீடித்தது. பசியாலும் நோயாலும் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களும், அவர்களோடு அடைக்கப்பட்டிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளும் அங்கே இறந்தார்கள். கட்டடங்களைப் பின்னர் இடித்துவிட்டார்கள்; இப்போது ஒரு நினைவுச் சின்னம் மட்டும் இருக்கிறது. நான் முதல் முறை போனபோது இது எதுவும் தெரியாமல் அந்தப் புல்வெளியில் படுத்துத் தூங்கினேன். கடற்கரை அழகானது, போங்கள். அந்தச் சின்னத்தின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

மறுமொழி – பில்பாவோவில் ஒருத்தி

மூவருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் திதியைக் கேட்டேன். “கடலுக்குப் போவதற்குக்கூடவா நாள் பார்ப்பார்கள்?” என்று சிரித்துவிட்டு, அவர்கள் வந்து இறங்கும் வாரத்தில் வியாழக்கிழமை அமாவாசை என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார். அட்டவணையில் சரிபார்த்தேன், வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்று ஐம்பதுக்கு வற்றம் என்று இருக்கிறது. அன்று எயா, அடுத்த நாள் உடம்பு ஒத்துழைத்தால் லைதா என்று வைத்திருக்கிறேன். சத்தூராரானுக்கு நான் மட்டும் தனியாக ஒரு நாள் போவேன். ஒரு சந்தேகம்: எயாவில் அம்மா சாப்பிட ஏதாவது கிடைக்குமா? அவர் மீன், முட்டை எதுவும் தொடுவதில்லை.

பதில் 4 – கெர்னிகா வாசி

முட்டையும் வேண்டாம் என்றால் சிரமம்தான். உருளைக்கிழங்கு தோர்த்தியா என்ற ஆம்லெட்டிலும் முட்டை உண்டு. கெர்னிகா மிளகாயை எண்ணெயில் பொரித்து உப்புத் தூவித் தருவார்கள். பச்சையாக, விரல் நீளத்தில் இருக்கும், காரம் இருக்காது. அதையும் ரொட்டியையும் கேளுங்கள். எதற்கும் தயிர்சாதம் கட்டி எடுத்துப் போய்விடுங்கள். ஆற்றோரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் மணலில் இருக்கும்படி கிளம்புங்கள். இரண்டு மணிக்குமேல் குழந்தையின் வாளியைத் தண்ணீரோரத்தில் விட்டுவைக்காதீர்கள்.