மாதாவிடம் வேண்டுவது தவறா? மாப்பிள்ளைக்கு என்ன சொல்ல?

காரைக்குடிக்காரன்:
நாங்கள் கத்தோலிக்கர், தங்கச்சி மாப்பிள்ளை பெந்தெகொஸ்தே சபை. ஞாயிறு மதியம் அம்மாவின் ஜெபமாலையைப் பார்த்து, "இது விக்கிரக ஆராதனை அத்தை" என்றார். தேய்ந்த அந்த மணிகளை அம்மா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். எனக்கு மனசு தாங்கவில்லை. வேதத்திலிருந்தே என்ன சொல்லலாம்?

தேவகோட்டை அக்கா:
லூக்கா முதல் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லுங்க தம்பி. 28-ம் வசனம் மாதாவுக்கு வானதூதரின் வாழ்த்து, 42 எலிசபெத்தின் வாழ்த்து. ஜெபமாலையில் சொல்லும் 'அருள்நிறைந்த மரியே'யின் முதல் பாதி பெரும்பாலும் இவைதான். மறுபாதியில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறோம். ஆராதனை கடவுளுக்கு மட்டும். மாப்பிள்ளை தன் பாஸ்டரிடம் ஜெபிக்கச் சொல்வதில்லையா?

காளையார்கோவில்:
"இறந்தவர்களுக்குக் காது கேட்குமா?" என்பார். வெளிப்படுத்தல் 5:8 காட்டுங்க. விண்ணகத்தில் 24 மூப்பர்களும் பொற்கிண்ணங்களில் ஏந்தியிருப்பது பரிசுத்தவான்களின் ஜெபங்கள். அவர் பைபிளிலேயே படிக்கட்டும். நம் கத்தோலிக்க பைபிளை எடுத்தால், நம்முடைய 73 நூலா அவர்களுடைய 66 நூலா என்று பேச்சு திசைமாறிவிடும்.

காரைக்குடிக்காரன்:
சரி, லூக்காவில் தொடங்குகிறேன். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான்.