1800 வரைபடத்தில் ஜெர்மனிக்குள் ரஷ்யா?

வரைபடப்பித்தன்:
1800 வாக்கிலான ஜெர்மனி வரைபடம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடகடல் ஓரம், ஓல்டன்பர்க்குக்கு மேலே, யேஃபர் என்று ஒரு துண்டு நிலம். அதற்கு ரஷ்யாவின் நிறம்! அச்சுப்பிழையா? ரஷ்யப் பேரரசி கேத்தரீன் பிறந்த வீடு ஆன்ஹால்ட்-செர்ப்ஸ்ட் என்ற சிறு ஜெர்மன் அரசு என்று தெரியும். ஆனால் செர்ப்ஸ்டே ரஷ்யாவுக்குப் போகவில்லையே?

உப்புக்காற்று:
பிழை இல்லை. பச்சை பாட்டில் பீர் வருகிறதே, அதே யேஃபர்தான் :)

பழங்கணக்கு:
சொத்துத் தகராறு மாதிரிப் படித்தால் சட்டென்று புரியும். 1793இல் கேத்தரீனின் தம்பி ஃபிரீட்ரிக் ஆகஸ்ட் வாரிசு இல்லாமல் இறந்தார். செர்ப்ஸ்ட் ஆண்வழிச் சொத்து. தெசாவ், பேர்ன்பர்க், கோய்ட்டன் என்று மூன்று தாயாதி வீடுகளும் 1797இல் பங்கு போட்டுக்கொண்டன. யேஃபர் பெண்ணுக்கும் போகலாம். எனவே அக்காளுக்கு வந்தது.

அந்த உரிமைக்கு வேர், 16ஆம் நூற்றாண்டில் யேஃபரை ஆண்ட மரியா என்ற பெண்மணி. அண்ணன் இளவயதிலேயே இறந்துபோக, பக்கத்துக் கிழக்கு ஃப்ரீசியப் பிரபுக்கள் கல்யாணப் பேச்சைக் காட்டியே ஊரை விழுங்கப் பார்த்தார்கள். மரியா மசியவில்லை. 1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸை மேலரசராக ஏற்று, பிரபாண்ட் (இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதி) பிரபு என்ற முறையில் அவரிடமிருந்தே யேஃபரை மானியமாகப் பெற்றுக்கொண்டார். பிரபாண்ட் வழக்கத்தில் பெண் வாரிசுக்குத் தடை இல்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே கெட்டிக்காரி அவர்தான், கேத்தரீன் இல்லை.

கல்யாணமே செய்துகொள்ளாமல் 1575இல் இறந்தார். உயிலின்படி தாய்வழி உறவான ஓல்டன்பர்க் பிரபுவுக்குப் போனது. 1667இல் அந்தக் கிளையின் கடைசிப் பிரபு அன்டோன் குந்தர் இறந்தபோது ஓல்டன்பர்க் டென்மார்க் பக்கம் போனது. யேஃபர் மட்டும் அவர் தங்கை மகன் வழியாக, எங்கோ தூரத்தில் இருந்த செர்ப்ஸ்டுக்கு!

வரைபடப்பித்தன்:
அடேயப்பா. கேத்தரீன் வந்து ஆண்டாரா?

பழங்கணக்கு:
எங்கே வந்தார்! தம்பியின் விதவை ஃபிரீடரிக்காவிடம் நிர்வாகத்தை விட்டுவிட்டார். 1807இல் நெப்போலியனும் ரஷ்யாவும் செய்த டில்சிட் உடன்படிக்கையில் ஹாலந்துக்குப் போனது. 1810இல் பிரான்சே விழுங்கியது. 1813இல் மறுபடி ரஷ்யா.

உப்புக்காற்று:
அதுவும் நிலைக்கவில்லை. 1818இல் ஜார் அலெக்சாண்டர் ஓல்டன்பர்க்குக்கே கொடுத்துவிட்டார். அந்த வம்சமும் அவருக்கு உறவுதான்.